ஜெபா பெயரில் வந்தது யார்?

சிஸ்டம் டிபார்ட்மெண்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து எதையாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். எதை எழுதுவது? கம்ப்யூட்டர் கட்டளைகள் எல்லாம் உங்களுக்கு என்னைவிட வேகமாக வரும். எனக்கு இப்போது கண்ணாடியைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆகிறது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியிலேயே கடைசிவரை சர்வரைக் காவல் காத்துக் காலம் தள்ளியவள் நான். கம்பெனியில் எனக்குப் பெயரே "சர்வர் அக்கா". வீட்டுக்காரர் இன்றைக்கும் காலையில் தட்டை வைத்துக்கொண்டு, "சர்வர் அக்கா, சூடா ரெண்டு இட்லி" என்பார். அந்தக் கிண்டலுக்கு முடிவே கிடையாது.

சர்வருக்குள் யார் இருக்கிறார், எங்கிருந்து வந்தார் என்ற ஒரு கேள்வி இருக்கிறதே, என் வேலையில் அதிகமாகக் கோபம் வந்தது இதில்தான். கேள்வி மேல் கோபம் இல்லை. பாதி பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அவர்கள் மேல். ஒரு தடவை வீரபாண்டி சாய யூனிட் லாகின் ஒன்று அறிமுகமில்லாத இணைய முகவரியிலிருந்து வந்திருந்தது. இணையத்தில் போட்டுப் பார்த்தால் மும்பை என்று காட்டியது. எங்கள் ஜி.எம். உடனே போலீசுக்குப் போன் போடப் போய்விட்டார். விசாரித்தால், ரோடு தோண்டினவர்கள் கேபிளை அறுத்துவிட்டதால், அங்கே ஷிப்ட் பார்க்கிறவர் தன் செல்போன் இணையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாய மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் மனுசன். மும்பையாவது, மண்ணாவது! செல்போன் கம்பெனி தன் இணைய முகவரிகளை எந்த ஊரில் பதிந்து வைத்திருக்கிறதோ, அந்த ஊரைத்தான் அது காட்டும்.

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போனோம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. அதைச் சொல்கிறேன்.

நல்லூரில் எங்களுக்குத் தையல் யூனிட். அங்கே ஜெபா என்று ஒரு மெர்ச்சண்டைசர் இருந்தாள். பையர், அதாவது உடுப்பு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, கேட்பதை வாங்கி, துணி, அளவு, நிறம் எல்லாவற்றையும் சர்வரில் பதிந்து, கப்பல் ஏறும் வரை கூடவே ஓடுகிற வேலை. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் இங்கே வந்து கம்பெனி வேலையில்தான் இருந்தார்கள். குடும்பத்தில் படித்துவிட்டு ஏ.சி. ரூமில் உட்கார்ந்தது அவள் ஒருத்திதான். வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். எனக்கு அவளைப் பிடிக்கும், ஒளிப்பானேன்.

அவள் பார்த்த ஆர்டர்களில் ஒன்று குழந்தைகள் இரவு உடுப்பு. வெட்டி, தைக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, கழுத்து அகலமாகிவிட்டது. பொம்மைக்கு மாட்டினால் தோளை விட்டு நழுவி விழுகிறது. கழுத்து சிறிதாகிப் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். பெரிதாக வெட்டிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? சர்வரில் இருந்த அளவைப் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். அந்த அளவைத்தான் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பெயர்: ஜெபா.

இது தெரியவந்த அன்று காலையில் நான் ஓர் உறவுக்காரக் குழந்தையின் காதுகுத்துக்குப் போயிருந்தேன். அதற்குள் ஜி.எம். என் உதவியாளரைப் பிடித்து, அளவு மாறிய நேரத்தில் ஜெபா எங்கிருந்து லாகின் செய்திருந்தாள் என்று எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். உதவியாளர் நல்ல பிள்ளை. இணைய முகவரிகளை வெறும் எண்களாகக் கொடுத்தால் பெரியவர்களுக்குப் புரியாதே என்று, ஒவ்வொரு எண்ணையும் ஊர்ப் பெயராக மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிட்டார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று கண்ணை மறைப்பது இப்படித்தான். நான் பட்டுப்புடவையோடு அவசரமாகத் தலைமை ஆபீசுக்குள் நுழைந்தபோது, மீட்டிங் ரூமில் அந்தக் காகிதம் மேசை மேல் கிடந்தது. ஜெபா, நல்லூர். ஜெபா, நல்லூர்.

முதலாளி நடுவில் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் எல்லோரும் பெரியவர் என்போம். சத்தம் போட்டே பேசமாட்டார். அவர் பேசாமல் இருந்தால்தான் எங்களுக்கு உதறும். மற்ற டிபார்ட்மெண்ட் ஆட்களும் சுற்றி இருந்தார்கள். ஜெபா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன.

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போச்சொல்லுங்க ஐயா," என்றார் ஜி.எம். "போன மாசந்தான் கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்கு இண்டர்வியூ போயிருக்குது. போறப்ப நம்மளக் கெடுத்துட்டுப் போகலாம்னு பாத்திருக்குது. அந்நேரம் அது நல்லூர்லதான் உக்காந்திருந்துது. பேப்பர்ல எல்லாமே இருக்குதுங்களே!"

"சார், இண்டர்வியூக்குப் போனது உண்மை. அளவை நான் தொடவே இல்ல," என்றாள் ஜெபா. என்னைப் பார்த்ததும் என் பக்கம் ஓரடி வந்தாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா. எங்க அப்பா கேட் வரைக்கும் வந்து நிக்காருக்கா."

எங்கள் ஊரில் கெட்ட பெயரோடு ஒரு கம்பெனியை விட்டுப் போனால், அந்தச் செய்தி மெர்ச்சண்டைசர்களின் வாட்ஸாப் குழுவில் அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். பிறகு எந்தக் கம்பெனி வாட்ச்மேனும் கேட்டைத் திறக்கமாட்டார். அந்தத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டால் நடக்கப்போவது அதுதான். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, இது இந்தப் பொண்ணு தானுங்களா?"

கண்ணுகளா, இந்த இடம் உங்களுக்கும் ஒரு நாள் வரும். முதலாளி கேட்கிறார், ஜி.எம். முறைக்கிறார், கையில் காகிதம் இருக்கிறது. ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வரும். அல்லது பிடித்தவளாயிற்றே என்று இல்லை என்று சொல்ல வரும். இரண்டுமே அப்போது எனக்குத் தெரியாத விஷயம்.

"தெரியலீங்க ஐயா. பாத்துட்டுச் சொல்றனுங்க."

"பேப்பர்லயே இருக்குதுன்னு சொல்றனுங்களே!" என்றார் ஜி.எம்.

"பேப்பருக்கு என்னங்க தெரியும்? அடிச்சுக் குடுத்தத அது காட்டுது," என்றேன். சுருக்கென்றுதான் சொன்னேன். அதற்காக இன்றுவரை வருத்தமும் படவில்லை. "சாப்பாட்டு நேரம் வரைக்கும் குடுங்க. அதுக்குள்ள இந்தப் பொண்ணு ஒரு வரியும் எழுத வேண்டாமுங்க."

பெரியவர் தலையசைத்தார். போகும்போது ஜெபாவிடம் தணிந்த குரலில், "பாஸ்வேர்டு யாருக்காச்சும் குடுத்தியா?" என்று கேட்டேன். "யாருக்கும் குடுக்கலக்கா. சத்தியமா," என்றாள்.

என் ரூமுக்கு வந்து காகிதத்தை ஒதுக்கிவிட்டு, சர்வரிடம் நேராகக் கேட்டேன். ஊர்ப் பெயர் இல்லாமல் எண்களாகப் பார்த்தால் விஷயம் வேறாக இருந்தது. ஒரே நேரத்தில் ஜெபா பெயரில் இரண்டு பேர் உள்ளே இருந்திருக்கிறார்கள். ஒன்று நல்லூரில் அவளுடைய மேசைக் கம்ப்யூட்டர். இன்னொன்றும் நல்லூர்தான், ஆனால் முகவரியின் கடைசி எண் வேறு. அது வாசல் மெஷினின் எண். அளவை மாற்றியது அந்த இரண்டாவது ஆள்.

வாசல் மெஷின் என்று நாங்கள் சொன்னது, வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வருகிறவர்கள் முதலில் நுழைகிற கம்ப்யூட்டரை. அதற்குள் வந்து, அங்கிருந்துதான் சர்வருக்குப் போக வேண்டும். நல்லூரில்தான் முதலில் நல்ல இணைய இணைப்பு வந்தது என்பதால் அதை அங்கே வைத்தோம், அப்படியே தங்கிவிட்டது. ஆக, உலகத்தில் எந்த மூலையிலிருந்து வந்தாலும், சர்வர் கண்ணுக்கு அவர் நல்லூரிலிருந்து வந்தவர்தான். பஸ் கண்டக்டருக்கு நீங்கள் காங்கேயத்தில் ஏறினது தெரியும். காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு எங்கிருந்து வந்தீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதை அறிய வேண்டுமானால் முந்தின பஸ்ஸின் கண்டக்டரைத்தான் கேட்க வேண்டும்.

நானும் முந்தின கண்டக்டரைக் கேட்டேன். வாசல் மெஷினுக்குள் போய், அந்த நேரத்தில் உன்னிடம் வந்தது யார், எங்கிருந்து என்று பார்த்தேன். வெளி முகவரி ஒன்று கிடைத்தது. ஏதோ ஒரு வீட்டு பிராட்பேண்ட். ஜி.எம். பொறுக்க முடியாமல் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அந்த முகவரி எந்த ஊர் என்று அவரே தன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா! கோயமுத்தூர்!" என்று கத்தினார். "இண்டர்வியூ எங்கீங்க போச்சு? கோயமுத்தூர்! கூட்டாளி ஆரையோ உட்டு மாத்தியிருக்குது!"

பாவிப் பெண்ணே, நிஜமாகவே பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்துத் தொலைத்தாயா என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன். பிறகு வீரபாண்டி மும்பை ஞாபகம் வந்தது. இந்தப் பக்கத்து பிராட்பேண்ட் எல்லாமே கோயமுத்தூர் என்றுதான் காட்டும், என் வீட்டு இணைப்பு உட்பட. அந்தப் போனை வாங்கித் தண்ணீர்ப் பானைக்குள் போடலாம் போல இருந்தது. "செத்த சும்மா இருங்க சார்," என்று மட்டும் சொன்னேன்.

ஊர் தெரியாவிட்டால் போகட்டும். அதே முகவரியிலிருந்து வேறு யார் வந்திருக்கிறார்கள்? ஒரு வீட்டிலிருந்து ஒருவர் மட்டுமா வருவார்? வாசல் மெஷினில் அளவு மாறிய நாளின் வரிகளை மேலும் கீழும் பார்த்தேன். அதே முகவரி. அதே காலை. கொஞ்சம் முன்னால். லாகின் பெயர்: கேமரா.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். கம்பெனியில் கேமரா என்ற லாகின் இருந்தது ஒரே ஓர் இடத்துக்குத்தான். வெள்ளகோவிலில் இருக்கும் பெரியவர் வீட்டுக்கு. காலையில் காபியோடு அங்கிருந்தே கேமராவில் தையல் லைனைப் பார்ப்பார். அதைத் தவிர அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சர்வரில் பெயர் கிடையாது. ஆளுக்கொரு பெயர் போட்டுத் தரட்டுமா என்று நான் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். "நமக்கெதுக்குங் அம்மிணி அதெல்லாம், வேலைக்கு வர்றவீங்களுக்குத் தானுங்களே," என்று விடுவார். லாகின் என்பது அவர்களுக்கு கேட்டில் பஞ்ச் அடிப்பது மாதிரி. முதலாளி பஞ்ச் அடிப்பாரா? ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் ஆபீசில் யாரையாவது கூப்பிட்டு, அவர்கள் பெயரில் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது யோசியுங்கள். இணையக் கம்பெனிக்காரன் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதும் உண்டு. ஆகவே இது சாட்சி இல்லை, எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று காட்டுகிற ஒரு குறிப்பு, அவ்வளவுதான். கேட்க வேண்டிய இடமோ முதலாளி வீடு. பெரியவரைத் தனியாக அழைத்துச் சொல்வதுதான் மரியாதை. ஆனால் ஜெபாவைத் தனியாகவா கேட்டார்கள்? அத்தனை பேர் முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு, இதை மட்டும் ரகசியமாக முடித்துவிட்டால், அவள் மேல் விழுந்த பழி அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதற்காக எல்லோர் முன்னாலும் உங்கள் வீடுதான் என்று என்னால் சொல்ல முடியுமா? எனக்கே உறுதியாகத் தெரியாதே. தெரிந்ததைச் சொல்லாமல், தெரியாததைக் கேட்பது என்று முடிவு செய்தேன். ஸ்கிரீனை அணைத்துவிட்டு மீட்டிங் ரூமுக்குப் போனேன்.

"ஐயா, அளவு மாறுன அன்னிக்குக் காலைல ஊட்டுல இருந்து கேமரா பாத்தீங்களாங்க?"

"பாத்தனுங்களே. தெனமும் பாக்கறது தானுங்."

"அன்னிக்கு நம்ம ஊட்டுக் கம்ப்யூட்டர்ல வேற ஆராச்சும் வேலை பாத்தாங்களாங்க?"

ஜி.எம். குறுக்கே வாயைத் திறந்தார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் எழுந்து வெளியே போயிருக்கலாம். அப்புறம் பேசலாம் என்றிருக்கலாம். ஆனால் போனை எடுத்து, வீட்டில் இருந்த தன் மகனுக்குப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி மேசை மேல் வைத்தார்.

"ஏனப்பா, அந்தக் கொழந்தை உடுப்பு ஆர்டர்ல நீ ஏதாச்சும் பாத்தியா?"

"கொழந்தை உடுப்பு இல்லீங்கப்பா, லேடீஸ் டாப்ஸுங்க. பையரோட ஏஜெண்ட் போன் பண்ணிக் கழுத்தக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னாருங்க. ஆபீசுல ஆரும் போன எடுக்கல. நானே மாத்தி உட்டுட்டனுங்க. ஏனுங்கப்பா?"

பெரியவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஆரு பேர்ல போயி மாத்துன?"

"ஜெபா பேர்லதானுங்க. முன்னொருக்கா அவங்க கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனப்ப, அவசரத்துக்குப் பாஸ்வேர்டு கேட்டு வாங்குனனுங்க. அதையேதான் போட்டனுங்க. எதாச்சும் தப்பாயிடுச்சுங்களா?"

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒளிக்காமல் பளிச்சென்று சொன்னான். டாப்ஸுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த குழந்தை உடுப்பு ஆர்டரைத் திறந்துவிட்டோம் என்றே அவனுக்குத் தெரியாது. இங்கே இத்தனை களேபரம் நடப்பதும் தெரியாது. எல்லோரிடமும் கேட்டார்கள், அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. கோபமெல்லாம் ஜெபா மேல் வந்தது. "யாருக்கும் குடுக்கலேன்னு சத்தியம் பண்ணியே!" என்றேன்.

அவள் என்னை நிஜமான குழப்பத்தோடு பார்த்தாள். "முதலாளி வீட்டுல கேட்டுச் சொல்லுதது குடுத்ததுல சேருமாக்கா?"

முதலாளி வீட்டில், "கண்ணு, பாஸ்வேர்டு என்ன கண்ணு?" என்று அவ்வளவு தன்மையாகக் கேட்கும்போது எந்த வாய் மாட்டேன் என்று சொல்லும்?

பெரியவர் அந்த வெள்ளைத்தாளை எடுத்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காத கண்ணு. நீ நம்ம ஊட்டுப் பொண்ணு மாதிரி," என்றார்.

ஜெபா அழுதுகொண்டேதான் பேசினாள், ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது. "வீட்டுப் பொண்ணு மாதிரின்னுதான் சார் பாஸ்வேர்டு கேட்டாங்க. அதே பாஸ்வேர்டை வச்சுத்தான் இன்னைக்கு என்னைக் கள்ளின்னு நிறுத்துனீங்க. நான் வீட்டுப் பொண்ணா இருக்க வேண்டாம் சார். வேலை பாக்குத பொண்ணா இருந்தாப் போதும். நான் செய்யலேன்னு நல்லூர்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

ஜி.எம். முகம் செத்துப்போனது. பெரியவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அவர் எழுந்தார். ஜெபாவையும் என்னையும், கேட்டில் நின்ற அவள் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு நேராக நல்லூர் போனார். டீ டைம் அறிவிக்கிற மைக்கை வாங்கி, அளவை மாற்றியது எங்கள் வீட்டில், இந்தப் பெண் இல்லை என்றார். இரண்டே வாக்கியம். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டார்கள். இந்தி பேசுகிற பையன்களுக்கு லைன் சூப்பர்வைசர் மாற்றிச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டுப்புடவைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டேன்.

அந்தத் துணிகளை ஜெபாவே பையரோடு பேசி, கழுத்துக்கு ரிப் என்கிற அகலமான இழுவைத் துணிப்பட்டி வைத்துத் தைத்து, முக்கால்வாசியைக் காப்பாற்றினாள். மறுநாள் பெரியவர் என் ரூமுக்கு வந்து, "எனக்கும் பையனுக்கும் ஆளுக்கொரு பேரு போட்டுக் குடுங் அம்மிணி," என்றார். போட்டுக் கொடுத்தேன். நான் ஓய்வு பெறும் வரை, காலையில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தால் அவர் பெயர் முதல் வரியில் இருக்கும்.

ஜெபா தங்கவில்லை. கோயமுத்தூர் கம்பெனியில் அவளை எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து விசாரித்துப் போன் வந்தபோது, பெரியவரே பேசி நல்லபடியாகச் சொன்னார். கடைசி நாளில் அவள் பெயரை மூடுவதற்காக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இனிமே என் பேரைப் போட்டு யாரும் உள்ள போக முடியாதுல்லா?"

"முடியாது கண்ணு. மூடிட்டேன்."

"நீங்க சொல்லுதீங்க சரி. நான் ஒரு தடவை பாத்துக்கிடுதேன்," என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துத் தன் பெயரை அடித்தாள். பாஸ்வேர்டை அடித்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை அடித்தாள். மறுபடியும் அனுமதி இல்லை. அந்த மீட்டிங் ரூம் நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.